'கேப்டன்' கவிழ்ந்த கடல்: ஃபினிஸ்டெர்ரே நாட்குறிப்பு

செப்டம்பர் 5, வெள்ளி – சாண்டியாகோ டி கொம்போஸ்டெலா

ஸ்பெயின் என்றாலே வெயில் என்று நம்பி வருகிறவர்களின் எண்ணத்தை, வடமேற்கு மூலையில் உள்ள கலீசியா முதல் மணி நேரத்திலேயே மாற்றிவிடும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தூறல். பெரிய மழையும் இல்லை, நிற்கிற மழையும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் யாரும் அதற்காக நடையை வேகப்படுத்தவில்லை. நாங்கள் மட்டும் கடை வாசல்களில் ஒதுங்கி ஒதுங்கிப் போனோம்.

பெரிய தேவாலயத்தின் முன் நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள். முதுகில் மூட்டை, கையில் கோல், காலில் பிளாஸ்திரி. வாரக்கணக்கில் நடந்து வந்தவர்கள் ஈரக் கல்தரையில் மல்லாந்து படுத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகும் வரிசை சதுக்கத்தைச் சுற்றி வளைந்திருந்தது. "பழனி படிக்கட்டுக்கே பொறுமை இல்லாதவர் நீங்கள்" என்றாள் மனைவி. திரும்பிவிட்டோம்.

இரவு ஏழு மணிக்குப் பசி. இந்த ஊரில் ஏழு மணிக்குப் பசிக்கக் கூடாது. சமையலறை எட்டரைக்குத்தான் திறக்கும். காத்திருந்து பத்ரோன் மிளகாய் வறுவல் வாங்கினோம். கட்டைவிரல் நீளத்தில் பச்சை மிளகாய்கள், எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவியது, ஏழு யூரோ. சில உறைக்கும், சில உறைக்காது என்று பரிமாறியவர் எச்சரித்தார். மனைவி தட்டைக் காலி செய்துவிட்டு, "உறைக்கிறது எப்போது வரும்?" என்று கேட்டாள். அவள் சைவம். அடுத்து வந்த 'காய்கறி சாலட்'டின் மேல் ஒரு கரண்டி சூரை மீன் இருந்தது. மீனை இங்கே அசைவக் கணக்கில் சேர்ப்பதில்லை போலிருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்தது தேவாலயத்துக்காக இல்லை. 1870-ஆம் ஆண்டு செப்டம்பர் 7 அதிகாலையில், ஃபினிஸ்டெர்ரே முனைக்கு அப்பால் 'கேப்டன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கவிழ்ந்தது. ஏறத்தாழ 480 பேர் இறந்தார்கள். 1805-இல் டிரஃபால்கர் போரில் பிரிட்டன் தன் தரப்பில் இழந்ததே ஏறக்குறைய 450 பேரைத்தான். இங்கே எதிரி இல்லை, சண்டை இல்லை, பாறையில் மோதவும் இல்லை. சேவையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத கப்பல், காற்றில் சாய்ந்தது, நிமிரவில்லை. மத்ரீதில் அலுவலக வேலை முடிந்து கையில் சில நாள் விடுப்பு மிஞ்சியதும் அந்தக் கரையைப் பார்க்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

செப்டம்பர் 6, சனி – கோர்குபியோன், ஃபிஸ்டெர்ரா

கடலோரமாகப் போகும் பஸ். ஒவ்வொரு மீனவ ஊருக்குள்ளும் நுழைந்து, வளைந்து, வெளியே வந்து, மறுபடி வளைகிறது. கொல்லிமலை வளைவுகளைக் கண்மூடிக் கடப்பவள் என் மனைவி. இங்கே இரண்டாம் மணி நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது. முன் இருக்கையில் இருந்த ஒரு மூதாட்டி ஒரு வார்த்தை பேசாமல் பையிலிருந்து எலுமிச்சைத் துண்டை எடுத்து நீட்டினார். இறங்கும்போது நன்றி சொன்னதற்கு, கையை விசிறிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கலீசியக்காரர்களின் உபசாரம் முகத்தில் தெரியாது, கையில்தான் தெரியும்.

வழியில் கோர்குபியோனில் இறங்கி மதியச் சாப்பாடு. மூன்று வகை, ரொட்டி, ஒயின் அல்லது தண்ணீர், காபி எல்லாம் சேர்த்து 16 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் மனம் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறது. கீரை, வெள்ளைப் பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்ட சூப்பில் இறைச்சி உண்டா என்று கேட்டோம். "இல்லவே இல்லை" என்றார் பரிமாறியவர். மூன்றாவது கரண்டியில் பன்றி எலும்பு வந்தது. காட்டினால், "அது இறைச்சி இல்லையே, ருசிக்குப் போட்டது" என்றார், கொஞ்சமும் கள்ளமில்லாமல். எனக்கு வந்த ஆக்டோபஸ், நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பது, மரத்தட்டில் உருளைக்கிழங்கு வில்லைகளின் மேல், ஆலிவ் எண்ணெயும் சிவப்பு மிளகாய்த்தூளும் தூவி இருந்தது. அவ்வளவு மென்மையாக நான் எங்கும் சாப்பிட்டதில்லை. மனைவி அன்று ரொட்டியும் ஆரஞ்சும்.

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். துறைமுகச் சுவரில் உட்கார்ந்து அவளுக்குக் 'கேப்டனை' உருவாக்கிய கௌப்பர் கோல்ஸின் கதையைச் சொன்னேன்.

கோல்ஸ் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. கப்பல் கட்டும் பொறியாளர் அல்ல. கிரிமியப் போரில், 1855-இல், பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்ட தெப்பத்தில் ஒரு பீரங்கியை ஏற்றி அசோவ் கடலின் ஆழமற்ற நீரில் ரஷ்யர்களைச் சுட்டார். அங்கிருந்து பிறந்தது அவருடைய யோசனை: பீரங்கிகளைக் கப்பலின் இரு பக்கமும் வரிசையாக நிறுத்துவதற்குப் பதிலாக, கவசம் போட்ட வட்டக் கூண்டுக்குள் வைத்து, கூண்டையே சுழற்றுவது. யோசனை அருமையானது. பிறகு வந்த போர்க்கப்பல்கள் எல்லாம் அந்த வழியில்தான் போயின. ஆனால் அந்தக் காலத்து நீராவி இயந்திரம் நிலக்கரியை விழுங்கித் தீர்த்தது. நெடுந்தூரம் போகப் பாய்மரமும் பாயும் வேண்டும். மரமும் கயிறும் நிறைந்த தளத்தில் பீரங்கி எந்தப் பக்கம் சுழன்றாலும் ஏதாவது குறுக்கே நிற்கும். கூண்டின் எடை மிக அதிகம் என்பதால் அதை உயரத்தில் வைக்க முடியாது. ஆகவே கப்பலின் பக்கச்சுவரே தாழ வேண்டும். கூண்டு தாழ்ந்த சுவரைக் கேட்கும், பாய் உயர்ந்த சுவரைக் கேட்கும்; இரண்டையும் ஒரே கப்பலில் கொடுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் இதைச் சொன்னார். கோல்ஸ் கேட்கவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார், நாடாளுமன்றத்தில் ஆதரவு திரட்டினார். ஒரு தேசபக்தரின் கண்டுபிடிப்பைக் கோப்புக்குள் முடங்கிய அதிகாரிகள் அமுக்குகிறார்கள் என்ற கதை பொதுமக்களுக்குப் பிடித்துப்போனது. எந்த நாட்டில்தான் பிடிக்காது? கடைசியில் 1866-இல் நிர்வாகம் கைகழுவியது: உமக்குப் பிடித்த தனியார் தளத்தில், உமது வரைபடப்படி கட்டிக்கொள்ளும், பொறுப்பு உமதும் கட்டுகிறவருடையதும். பிர்க்கன்ஹெட்டில் இருந்த லெயர்டு நிறுவனம் கட்டியது.

நீர்மட்டத்துக்கு மேல் பக்கச்சுவர் 8 அடி தெரியவேண்டும் என்பது திட்டம். அதுவே குறைவு, ரீட் வடிவமைத்த 'மோனார்க்' கப்பலுக்கு 14 அடி. கட்டும்போது கோல்ஸ் நோயில் படுத்திருந்தார், மேற்பார்வை தளர்ந்தது, திட்டமிட்டதைவிட 735 டன் கூடிவிட்டது. முடிவில் தெரிந்தது 6 அடி 7 அங்குலம். இதன் மேல் கடற்படையிலேயே உயரமானவற்றில் சேர்ந்த பாய்மரங்கள். கயிறுகளைக் குறைக்க அவற்றை மும்மூன்று இரும்புக் கால்களாக நிறுத்தியிருந்தார்கள். பாய்களை இயக்க, பீரங்கிக் கூண்டுகளுக்கு மேலே தனியாக ஒரு மேல்தளம்.

"அதாவது மாடியில் மாடி கட்டிவிட்டு அஸ்திவாரத்தைத் தண்ணீரில் விட்டார்கள்" என்றாள் மனைவி. பஸ் வந்தது.

அதே நாள், இரவு

ஃபினிஸ்டெர்ரே முனையை அடுத்த ஊரான ஃபிஸ்டெர்ராவில் தங்கும் விடுதி துறைமுகத்தை ஒட்டி. இரண்டு பேருக்கு 58 யூரோ. வெந்நீர் உண்டு, ஆனால் குளியலறை விளக்கு நகர்ந்தால்தான் எரியும். குளிக்கும்போது அவ்வப்போது கையை ஆட்டவேண்டும். வீட்டுக்கார அம்மாள் எங்கள் ஈரக் காலணிகளை வாங்கிச் செய்தித்தாளைத் திணித்து அடுப்படியில் வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு மேல் காற்று எழுந்தது. ஜன்னல் கொக்கி அடித்துக்கொண்டே இருக்க, தூக்கம் வரவில்லை. 1870-இல் இதே தேதியில் பிற்பகல், இந்தக் கடலில் பதினொரு கப்பல்கள் கூட்டுப் பயிற்சியில் இருந்தன. தளபதி அலெக்ஸாண்டர் மில்ன் 'கேப்டனை'ப் பார்வையிட ஏறினார். பாய் விரித்துப் போகும்போது கடல்நீர் சாய்ந்த பக்கத்துத் தளத்தின் மேலேயே ஓடுவதைக் கண்டு அவருக்குச் சரியாகப் படவில்லை. கோல்ஸும் கப்பலில் இருந்தார். அவருக்கு அது பழக்கமான காட்சி. மாலையில் மில்ன் தம் கப்பலுக்குத் திரும்பினார்.

நள்ளிரவு தாண்டிக் காவல் மாறியது. பாய்களைக் குறைத்துவிட்டிருந்தார்கள், ஆனாலும் கப்பல் 18 டிகிரி சாய்ந்து நின்றது. காற்று ஓங்கி அடித்தபோது மேல்பாய்களை அவிழ்க்கச் சொல்லிக் கப்பல் தலைவர் ஹ்யூ பர்கோயின் உத்தரவிட்டார். அதற்குள் சாய்வு கூடியது. அங்கே நிற்கவில்லை. புரண்டுவிட்டது.

இதில் என் கோபம் காற்றின் மேல் இல்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எவ்வளவு தள்ளினாலும் எழுந்து நிற்கும். கப்பலுக்கு அந்த வரம் கிடையாது. ஒரு கோணம் வரை அதை நிமிர்த்தும் விசை கூடும், பிறகு குறையும், ஒரு கட்டத்தில் இல்லாமலே போகும். பக்கச்சுவர் உயரமாக இருந்தால், சாயச் சாயச் சுவர் நீரில் அமிழ்ந்து கப்பலைத் தூக்கிக் கொடுக்கும். 'கேப்டன்' 14 டிகிரி சாய்ந்தாலே தளத்தின் விளிம்பு நீருக்குள் போய்விடும்; அப்புறம் தூக்கிக் கொடுக்கச் சுவர் இல்லை. அதன் நிமிர்விசை 21 டிகிரியிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது, 54.5 டிகிரியில் தீர்ந்துபோனது. 'மோனார்க்'கின் உச்சம் 40 டிகிரி. அன்றிரவு அதே காற்றில் 'மோனார்க்' மிதந்துகொண்டுதான் இருந்தது.

இந்த எண்கள் விபத்துக்குப் பிறகு கண்டுபிடித்தவை என்றால் மனம் ஆறும். ஜூலை 29 அன்று போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கப்பலைச் சாய்த்துச் சோதனை செய்தார்கள். கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. விடை ஒரு மேஜையில் இருந்தது. கப்பல் கடலில் இருந்தது. அதே ஜூலையில் ரீட் பதவி விலகிப் போயிருந்தார்.

ஜன்னல் கொக்கியை மனைவி தன் துப்பட்டாவால் கட்டினாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு – முனை

காலையில் காற்று நின்று மூடுபனி. காபியும் வறுத்த ரொட்டியும் இருவருக்கும் ஐந்தரை யூரோ. முனைக்கு ஊரிலிருந்து சாலையோரமாக மூன்று கிலோமீட்டர் நடை. எதிரே எதுவும் தெரியவில்லை. கீழே கடல் இருப்பது சத்தத்தால்தான் தெரிந்தது. 1853-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை அதன் சுவரில் கை வைக்கும் தூரத்தில்தான் கண்டோம். விளக்கால் ஆகாத நாள்களுக்கென்று இங்கே ஓர் ஊதல் வைத்திருந்தார்கள். அதன் கதறலுக்கு ஊரார் வைத்த பெயர் 'ஃபிஸ்டெர்ரா பசு'. 

முனையில், சாண்டியாகோவைத் தாண்டியும் நடந்து வரும் யாத்ரீகர்களுக்கான கடைசி மைல்கல், 0.000 கிலோமீட்டர். அதனோடு படம் எடுக்க வரிசை. காலணியையும் துணியையும் எரித்துவிட்டுப் போகும் வழக்கம் யாத்ரீகர்களிடம் இருந்தது. இப்போது எரிக்கத் தடை. தடைப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு ஜெர்மன் இளைஞர் தன் காலுறையைக் கொளுத்தப் பார்த்தார். ஈரக் காலுறை பிடிக்கவே இல்லை. கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒரு கொரிய அம்மையார் மட்டும் குப்பைத்தொட்டியைக் காட்டினார். அதுதான் நடந்தது.

பதினொரு மணிக்குமேல் பனி விலகியது. மேற்கே வெறும் கடல். 1870-இல் இதே நாளில், 'கேப்டனில்' இருந்து தப்பிய பதினெட்டுப் பேர் ஒரு படகில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள், நண்பகல் வாக்கில். பீரங்கி அதிகாரி ஜேம்ஸ் மே, மற்றவர்கள் மாலுமிகள். கப்பல் அசைவது சரியில்லை என்று தோன்றியதால் மே எழுந்து பீரங்கிகள் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கப் போயிருந்தார். கூண்டுக்குள் இருந்தபோது கப்பல் புரண்டது. கூண்டின் மேல் திறப்பு வழியாக வெளியேறி நீந்தினார். கவிழ்ந்து மிதந்த ஒரு படகின் அடிப்பக்கத்தில் பர்கோயினும் அவரும் இன்னும் சிலரும். நல்ல படகு ஒன்று நெருங்கி வந்ததும் மே தாவிவிட்டார். பர்கோயின் தாவவில்லை. கிரிமியப் போரில், பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை பெற்றவர் அவர். கோல்ஸும் போய்விட்டார். கடற்படை அமைச்சர் சில்டர்ஸின் மகனும் இறந்தவர்களில் ஒருவன். கப்பலின் மேல் நம்பிக்கை வைத்து, 'மோனார்க்'கிலிருந்து அண்மையில்தான் அவனை இதற்கு மாற்றியிருந்தார்கள்.

திரும்பி வந்து துறைமுகத்து பாரில் கேட்டேன். யாருக்கும் 'கேப்டன்' தெரியவில்லை. பழைய மீன்பிடிக் கப்பல் தொழிலாளி ஒருவர், எழுபது வயதிருக்கும், அயர்லாந்துக்கு அப்பால் உள்ள மீன்களங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர், என் அரைகுறை ஸ்பானியத்தைப் பொறுமையாகக் கேட்டார். பக்கச்சுவர் உயரத்தைச் சொன்னதும் கிளாஸை வைத்துவிட்டு மேஜைமேல் கையால் அளந்து காட்டினார். "இரண்டு மீட்டர்? பாய் வைத்துக்கொண்டா?" என்றார். பக்கத்தில் இருந்தவரிடம் கலீசிய மொழியில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். பிறகு, "ஆங்கிலேயர்களின் கல்லறை வேண்டுமென்றால் கமரீன்யாஸுக்குப் போங்கள். அது வேறு கப்பல்" என்றார். எங்கள் காபிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மதியம் நீள மட்டி, இந்த ஊர்ச் சிறப்பு, 14 யூரோ. பாறையில் ஒட்டி வளரும் பெர்செபஸ் என்ற கடலுணவின் விலையைப் பலகையில் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

செப்டம்பர் 8, திங்கள் – கமரீன்யாஸ்

இன்று வேலைநாள் ஆனாலும் நேராகப் போக பஸ் இல்லை. டாக்சி, காத்திருப்போடு 110 யூரோ. தொகையைக் கேட்டு மனைவி கடலைப் பார்த்தாள்.

முதியவர் சொன்னது 'செர்ப்பென்ட்' என்ற சிறு போர்க்கப்பல். 1890 நவம்பர் 10 இரவு, சியரா லியோனுக்குப் போகும் வழியில், புயலில் சிக்கி, 'புந்தா தோ போய்' என்ற முனையின் பாறைகளில் மோதியது. 175 பேரில் மூவர் தப்பினார்கள். உடல்கள் நாள்கணக்கில் கரையொதுங்க, ஊர் மக்களும் பாதிரியாரும் எடுத்து அங்கேயே புதைத்தார்கள். காரை விட ஓட்டுநர் மறுத்துவிட்ட மண் தடத்தில் நடந்து போனோம், முள்ளும் மணலும். வெட்டவெளியில் வெள்ளையும் சாம்பலுமாகக் கல்மதில், அதற்குள் இன்னொரு சிறிய மதில். உள்ளே அதிகாரிகள், வெளியே மாலுமிகள். செத்த பிறகும் தளம் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நன்றிக்காகப் பிரிட்டன் பாதிரியாருக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கியும், மேயருக்குத் தங்கக் கடிகாரமும், ஊருக்கு ஒரு வளியழுத்தமானியும் அனுப்பியது. அந்த மானி இன்றும் கமரீன்யாஸில் ஒரு சுவரில் மாட்டியிருக்கிறது. இந்த விபத்துதான் பக்கத்தில் உள்ள விலான் முனையில் புது விளக்கு எழக் காரணம். 1896-இல் ஸ்பெயினில் முதன்முதலாக மின்சாரத்தில் எரிந்த கலங்கரை விளக்கம் அது. ஆக, 172 பேர் இறந்த கப்பலுக்குக் கல்லறை, பரிசுகள், விளக்கு எல்லாம் இந்தக் கரையில் உண்டு. 480 பேருக்குக் கரைதொட்ட ஒரு படகு மட்டும். கடல் எதைக் கரையில் போடுகிறதோ அதைத்தான் கரை நினைவில் வைக்கிறது. 'கேப்டனு'க்கான பித்தளைப் பலகை லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் இருக்கிறது.

ஊருக்குள் ஒரு பெண்மணி வாசலில் உட்கார்ந்து மரக்குச்சிகளைத் தடதடவென்று மாற்றி மாற்றிப் போட்டுச் சரிகைபோல் வெள்ளை நூல் பின்னல் செய்துகொண்டிருந்தார். மனைவி அருகில் உட்கார்ந்தாள். மொழி இல்லாமலேயே அரை மணி நேரம் பேச்சு. கைக்குட்டை அளவுள்ளது 25 யூரோ. டாக்சிக் காசைச் சொல்லிக் காட்டியே வாங்கிவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய் – திரும்பும் வழி

பத்து மணி பஸ் வரவில்லை. கால அட்டவணை கோடைக்கானதா, குளிர்காலத்துக்கானதா என்று நிறுத்தத்தில் இருந்தவர்களுக்குள்ளேயே விவாதம். ஒரு பள்ளி மாணவி எங்களுக்காக மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கி, தன் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினாள்.

காத்திருந்தபோது மீதிக் கதை. உயிர் தப்பியவர்களை, வழக்கப்படி, இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை என்று விடுவித்த தீர்ப்பு, பாயின் அழுத்தத்தோடு அலையின் உந்துதலும் சேர்ந்து கவிழ்த்தது என்றது. அதோடு நிற்காமல், கடற்படைத் துறை வல்லுநர்களின் கருத்துக்கு மாறாக, நாடாளுமன்றத்திலும் பிற வழிகளிலும் வெளிப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கு இணங்கிக் கட்டிய கப்பல் அது என்றும் எழுதியது. நீதிமன்றத்தில் இருந்தவர்கள் கடற்படைக்காரர்கள். பழியைப் பத்திரிகைகள் பக்கம் தள்ள அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கப்பலை ஏற்றுக்கொண்டு, எடை கூடியது தெரிந்தும் கடலுக்கு அனுப்பியதும் அதே துறைதான். அதைத் தீர்ப்பும் வருத்தத்தோடு குறிப்பிட்டது.

கோல்ஸின் கூண்டு வீண்போகவில்லை. ரீட் வடிவமைத்த 'டெவாஸ்டேஷன்' 1873-இல் முடிந்தது: இரண்டு சுழல் கூண்டுகள், தாழ்ந்த பக்கச்சுவர், பாய்மரம் ஒன்றுகூட இல்லை. எடுக்கவேண்டியதை எடுத்ததும் மிதந்தது.

"அப்படியானால் சண்டை போட்ட இருவரும் பாதிப்பாதி சரி" என்றாள் மனைவி, விதையைக் கொறித்தபடி. நான் மறுக்கத் தொடங்கினேன். அதற்குள் ஒன்றே கால் மணி பஸ் வந்தது, நிற்க மட்டும் இடம். ஓட்டுநர் டிக்கெட்டுக்கு ஐம்பது யூரோ நோட்டை வாங்க மறுத்தார்; பின்னாலிருந்து அந்த மாணவி சில்லறை மாற்றிக் கொடுத்தாள். நேர்வழி பஸ் என்பதால் இம்முறை வளைவுகள் குறைவு.